இரண்டாவது தட்டல்

முதல் பச்சைப் புள்ளி எரிந்தபோது பெட்டிக்காரம்மா சந்தோஷப்பட்டாள். அடுத்தது எரிந்தபோது ஆச்சரியப்பட்டாள். மதியத்துக்குள் மேட்டு வரிசையில் வீட்டுக்கு வீடு பச்சை பூத்துக்கொண்டே போனபோது, அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

ஏனென்றால், அந்த வாரம் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்து, இனி இவர்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று கைவிட்டிருந்தாள்.

கைப்பேசித் திரையை மூக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள். குடியிருப்பின் வரைபடம். ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. பெட்டியை மாட்டாத வீடு சாம்பல் நிறம், மாட்டிய வீடு பச்சை. நேற்று மாலைவரை சுடுகாட்டுச் சாம்பல் மாதிரி கிடந்த படம் இது. இப்போது யாரோ விளக்கேற்றிக்கொண்டே நடந்து போகிற மாதிரி இருந்தது.

நடந்து போகிற மாதிரி. அந்த நினைப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மீன்களை உறைய வைத்து அடுக்கும் குளிர்கிடங்குக்குப் பின்னால்தான் குடியிருப்பு, மேட்டு வரிசை, பள்ளத்து வரிசை என்று இரண்டாக. கிடங்கின் குழாய்களில் ஓடுவது அம்மோனியா. லேசாக எங்காவது கசிந்துகொண்டேதான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கேயே இருப்பவர்களின் மூக்கு அதற்குப் பழகி, செத்துப் போயிருந்தது. போதாததற்குப் பாதிப் பேர் இரவு வேலை. பகலில்தான் தூக்கம். ஜன்னல்களுக்கு மீன் அட்டைப்பெட்டிகளைக் கிழித்து ஒட்டி, வீட்டுக்குள் ராத்திரியை உண்டாக்கிக்கொள்வார்கள். பகலில் யார் வீட்டுக் கதவையும் யாரும் தட்டக் கூடாது. சட்டம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் மீறியவன் வாங்கிய திட்டை அவன் பிள்ளைகள்கூட மறந்ததில்லை.

பெட்டி என்பது சோப்புக்கட்டி அளவுதான். சுவரில் இருக்கும் பிளக்கில் சொருகினால் முடிந்தது. வாயு வந்தால் கத்தும். தான் கத்துவதோடு விடாமல் பக்கத்து வீட்டுப் பெட்டிக்கும் சேதி அனுப்பும். அது அதற்கடுத்த வீட்டுக்கு. கிடங்குச் சுவரில் வாயு கிளம்பினால், அது வந்து சேருவதற்கு முன்பே கடைசி வீடு விழித்துக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை: சங்கிலி அறக் கூடாது. நடுவில் வீடுகள் விட்டுப்போனால் சேதி அங்கேயே செத்துவிடும்.

பள்ளத்து வரிசையின் கடைசி வீட்டில்தான் அவளுடைய மகள் இருந்தாள். கைக்குழந்தையோடு.

*

போன மாத வாயு விபத்து முடிந்த கையோடு, கிடங்கு ஆபீஸ் சார்பில் பெட்டிக்காரம்மா வீடு வீடாகப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அது கதவுக்கு முட்டுக்கொடுத்தது. இன்னொரு வீட்டில் ஆடும் கட்டிலின் காலுக்கு அடியில் போனது. மாட்டியவர் மட்டும் யாருமில்லை.

அதற்குக் காரணம் கேண்டீன்காரர். பட்டப்பெயர் லவுட்ஸ்பீக்கர். அவரைத் தெரியாத ஆள் குடியிருப்பில் கிடையாது. அதனால்தான் பெட்டிக்காரம்மா முதலில் அவரிடம் போனாள். இவர் ஒருவரிடம் சொன்னால் போதும், எல்லாரிடமும் சொன்ன மாதிரி என்று கணக்குப் போட்டாள்.

அன்று கேண்டீனில் அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஓட்டை எதுக்கும்மா?"

"சத்தம் வெளிய வரத்தான் அண்ணே."

"உள்ள போறதுக்கு இல்லையே?"

"அட, உங்க குறட்டையக்கூடக் கண்டுபிடிச்சிடும் அண்ணே, ஜாக்கிரதை!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். கேண்டீனே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அன்று மாலைக்குள் அது 'பெட்டி குறட்டையைக் கேட்கும்' என்று ஆயிற்று. விடிவதற்குள் 'வீட்டில் பேசுவதை எல்லாம் கேட்டு முதலாளிக்குப் போட்டுக்கொடுக்கும்' என்று ஆயிற்று. சிரிப்பு ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்குப் போனால் போதும், பற்றிக்கொள்ளும். ஒரு புதிய சாமானைச் சுவரில் மாட்ட வைக்க ஒரு வாய் போதாது. நம்பிக்கையான ஆட்கள் இரண்டு மூன்று பேர் தனித்தனியாக வந்து சொல்ல வேண்டும். லவுட்ஸ்பீக்கர் பேசினால் ஊரே கேட்கும். ஆனால் அவர் பேச்சை நம்பி யாரும் ஒரு ஆணிகூட அடித்ததில்லை.

ஊர் நம்பிய வாய் ஒன்று இருந்தது. அதைப் புதைத்து மாதம் ஒன்றாகப் போகிறது.

*

மேட்டு வரிசையில் முதலில் பச்சையான வீட்டுக்குப் போனாள். லோடுமேனின் மாமியார் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மருமகன் தூங்குவதால் குரலை அடக்கியே பேசினாள்.

"பெட்டிய மாட்டிட்டீங்க போலிருக்கே?"

"ஆமா. இப்ப அதுக்கென்ன, பரிசு குடுக்கப் போறியா?"

"இல்ல... நான் சொன்னப்ப, 'இத மாட்டினா என் மருமகன் என்னைத் திட்டுறது ஆபீஸுக்குக் கேக்கும்'னீங்களே."

"நீ சொன்னே. நீ சம்பளத்துக்குச் சொன்னே." கிழவி பூண்டுத் தோலை ஊதினாள். "இது ஜிப்பக்கா சொன்னது."

பெட்டிக்காரம்மா சட்டென்று திரும்பித் தெருவைப் பார்த்தாள்.

குளிர்கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சு வைத்த தடித்த கோட்டு உண்டு. உறைபனியில் அதன் ஜிப் பல்லிளித்துவிடும். ஜிப் போன கோட்டுக்குள் குளிர் புகுந்தால் நெஞ்சு கட்டிக்கொள்ளும். வீடு வீடாகப் போய்க் கோட்டை வாங்கி, புது ஜிப் வைத்துத் திருப்பித் தருவது அந்த அம்மாளின் தொழில். கோட்டு இல்லாத வீடு கிடையாது என்பதால் ஜிப்பக்கா போகாத வீடும் கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்ப மாட்டாள். கத்தரிக்கோலால் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு. டிக், டிக். பிறகு அட்டைக்கு வெளியே நின்றபடியே, நூல் கோத்த மாதிரி மெல்லிய குரலில்: 'எந்திரிக்க வேணாம் கண்ணு, படுத்துக்கிட்டே கேளு.' கோட்டு சேதி சொல்வாள். கூடவே நாலு வீட்டு நல்லது கெட்டதும் சொல்வாள்.

"பெரியம்மா," என்றாள் பெட்டிக்காரம்மா மெதுவாக. "ஜிப்பக்கா செத்துப் போச்சு."

"எனக்குத் தெரியாதா? நான்தானே அது கண்ண மூடிவிட்டேன்." கிழவி நிமிரவில்லை. "காலைல கொஞ்சம் கண்ணசந்தேன். கம்பியில ரெண்டு தட்டு. 'எந்திரிக்க வேணாம், படுத்துக்கிட்டே கேளு'ன்னுச்சு. கேட்டேன். அது சொல்லி நான் கேக்காம இருந்ததில்ல, இன்னைக்கு எதுக்கு மாத்தணும்?"

"கனவா இருக்கும்."

"இருக்கட்டுமே. கனவுலகூட நீ வந்து சொல்லலையே!"

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒரு வீட்டில் பனிக்கட்டி உடைக்கிறவன் பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்து, "யம்மா, அதான் மாட்டிட்டேன்ல, ஆள் மேல ஆள் அனுப்புவீங்களா? அந்தக்கா இப்பத்தான் போச்சு" என்று சொல்லிக் கதவை மூடிக்கொண்டான். இன்னொரு வீட்டில் ஒரு புதுப்பெண், "முகம் பாக்கலை ஆன்ட்டி, அட்டைக்கு அந்தப் பக்கம் நிழல்தான்" என்றாள். அவள் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஜிப்பக்கா என்று ஒருத்தி இருந்ததே அவளுக்குத் தெரியாது.

பெட்டிக்காரம்மா தெருவின் நடுவில் நின்று திரையைப் பார்த்தாள். புள்ளிகள் எரிந்த வரிசை பக்கத்து வீடு, பக்கத்து வீடு என்று போகவில்லை. இங்கே இரண்டு, எதிர்ச்சாரியில் ஒன்று, சந்துக்குள் மூன்று, மறுபடி இந்தச் சாரி. இந்த வளைசலை அவள் எத்தனை தடவை தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்! தோளில் கோட்டு மூட்டையோடு, வெயில் படாத பக்கமாக மாறி மாறி ஜிப்பக்கா நடக்கும் தடம்.

*

"செத்தவங்க கமிஷன் கேக்க மாட்டாங்க. விடுங்கம்மா," என்றார் கிடங்கு மேலாளர், சுழலும் நாற்காலியில் ஆடிக்கொண்டே.

"சார், விளையாடாதீங்க. பள்ளத்து வரிசையில ஒரு வீடுகூட எரியல."

"நானும் பார்த்தேன். பள்ளத்துக்குத் திரும்புற முனை கிட்ட வரைக்கும் பச்சை. முனை தாண்டினா சாம்பல்."

"நாளைக்குப் பெரிய கம்ப்ரசர் ஓட்டப் போறீங்க."

"மேலிடத்து உத்தரவு. மீன் வந்து இறங்கிட்டு இருக்கு, நாறவிட முடியுமா?"

"அந்தக் குழாய்தானே போன மாசம் வெடிச்சுது?"

"புதுசு மாத்தியாச்சு." அவர் நாற்காலி ஆடுவது நின்றது. "மாத்தினதா எழுதியிருக்காங்க. நான் போய்த் தொட்டுப் பார்க்கலம்மா. நாளைக்கு மதியத்துக்குள்ள பள்ளத்துல பாதி வீடாவது எரிஞ்சா எனக்கும் நிம்மதி."

வாயு குளிராக வெளியேறும்போது புகை மாதிரித் தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தைத் தேடும். பள்ளத்து வரிசை என்ற பெயரே போதும். போன மாதம் ஒரு பகலில் அந்தக் குழாய் வெடித்தபோது ஜிப்பக்கா தெருவில் இருந்தாள். கோட்டு மூட்டையைப் போட்டுவிட்டு ஜன்னல் ஜன்னலாக ஓடினாள். அன்று மட்டும் 'படுத்துக்கிட்டே கேளு' இல்லை. 'எந்திரி! ஓடு!' மேட்டு வரிசை மொத்தமும் பிழைத்தது. பள்ளத்துக்குத் திரும்பும் முனையில் அவள் விழுந்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. பள்ளத்து வரிசை எதுவும் தெரியாமல் தூங்கி, சாயங்காலம் எழுந்து, முகம் கழுவியது.

அதனால் அவர்களுக்குப் பயம் இல்லை. பயந்தவர்கள் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வரிசைக்கும் பேச்சு கிடையாது. எப்போதோ ஒரு வேலைநிறுத்தத்தில் பள்ளம் வெளியே உட்கார்ந்தது, மேடு உள்ளே வேலைக்குப் போனது. அன்று அறுந்த உறவு. இரண்டுக்கும் நடுவில் நடந்த ஒரே ஜோடிச் செருப்பு ஜிப்பக்காவுடையதுதான்.

மகள் பள்ளத்துப் பையனைக் கட்டிக்கொண்டபோது பெட்டிக்காரம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை. பேரன் பிறந்ததையும் ஜிப்பக்காதான் ஜன்னலில் தட்டிச் சொன்னாள்.

அலுவலக வாசலில் நின்று மகளை அழைத்தாள். நெடுநேரம் அடித்த பிறகு மகள் எடுத்தாள்.

"என்ன?"

"சாப்பிட்டியா?"

"இத கேக்கவா ரெண்டு வருஷம் கழிச்சுப் போன் பண்ணே?"

"அந்தப் பெட்டி... நாளைக்குள்ள மாட்டிடுடி. உன் கால்ல வேணா விழறேன்."

"அம்மா, இங்க யாரும் மாட்டல. நான் ஒருத்தி மாட்டினா, 'மேட்டுக்காரி புத்தியக் காட்டிட்டா, வீட்டுக்குள்ளயே ஒற்றன் வச்சிருக்கா'ன்னு சொல்வாங்க. இப்பவே என் மாமியார் என்னை ஆபீஸ்காரின்னுதான் கூப்பிடுறா."

"குழந்தைய நினைச்சுப் பாரு."

"குழந்தைய வச்சுக்கிட்டு நான் இந்த வரிசையில வாழணும், அதையும்தான் நினைக்கிறேன். என் கொழுந்தன் வீடு, சித்தப்பா வீடுன்னு ஒரு மூணு வீடு மாட்டட்டும். அன்னைக்கே நானும் மாட்டறேன்." குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம். "ஜிப்பக்கா வந்திருந்தா சொல்லியிருக்கும், ஒரு மாசமா ஆளக் காணோம். அது சொன்னா இங்க கேப்பாங்க."

"அது வந்து..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குழந்தை அழும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

*

சாயங்காலம் மேட்டின் கடைசிப் புள்ளியும் எரிந்தது. முனை வீடு. பெட்டிக்காரம்மா போய் நிற்பதற்குள் கதவு திறந்திருந்தது. முனை வீட்டு அத்தை, இவளுக்கு மாமனார் வழியில் ஏதோ உறவு, பேச்சில் எப்போதும் காரம்.

"வா. நீ வருவேன்னு தெரியும். உக்காரு."

"யாரு சொன்னா?"

"உனக்கே தெரியும், எதுக்கு என் வாயால கேக்குறே?" அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மத்த வீட்டுல சேதி சொல்லிட்டுப் போயிடுச்சாம். இங்க போகல. ரொம்ப நேரம் ஜன்னல்லயே நின்னுச்சு. மூச்சு வாங்குற சத்தம். 'உள்ள வாடி'ன்னேன். 'வேணாம்'னுச்சு. 'அப்ப பள்ளத்துக்குப் போ'ன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

"'இதுக்கு மேல என்னால தனியாப் போக முடியல அண்ணி'ன்னு அழுதுச்சு." அத்தையின் குரலில் காரம் போய்விட்டது. "விழுந்த இடமாச்சே. அதத் தாண்ட முடியல போல."

எழுந்து போய்ப் பரண் ஓரத்திலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து வந்து பிரித்தாள். கத்தரிக்கோல். கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"அன்னைக்குத் தெருவுல கிடந்துச்சு. நான் எடுத்து வச்சேன். உன்கிட்டக் குடுக்கச் சொல்லுச்சு."

"எனக்கு வேணாம் அத்தே."

"எனக்கு மட்டும் வேணுமா? வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு நான் படுற பாடு!" அத்தை அதை அவள் மடியில் வைத்தாள். "உன் மகதானே கடைசி வீட்டுல இருக்கா. எடுத்துக்கிட்டுப் போ."

இரும்பு. மூடிக் கிடந்த பரணிலிருந்து வந்த இரும்பு. ஆனால் இப்போதுதான் யாரோ கையிலிருந்து இறக்கி வைத்த மாதிரிக் கைப்பிடி வெதுவெதுவென்று இருந்தது.

*

மறுநாள் வெயில் ஏறிய பிறகு முனையில் வந்து நின்றாள். சங்கு ஊதினால் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும். அதற்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் நிறைய இல்லை.

பள்ளத்து வரிசை, பகலில் அடைத்து வைத்த ராத்திரியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் அட்டை ஒட்டிய ஜன்னல்கள். காய்ந்துகொண்டிருந்த கோட்டுகள் கையை விரித்துக்கொண்டு தொங்கின. ஒன்றிலும் ஜிப் சரியில்லை. ஒரு மாதமாக யாரும் வரவில்லை அல்லவா.

முனையைத் தாண்டினாள். காதுக்குப் பின்னால் லேசாக ஒரு மூச்சு வாங்கல். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் ஜன்னல். கத்தரிக்கோலை உயர்த்தினாள். டிக், டிக்.

உள்ளே கட்டில் முனகியது. "யாரு?"

வார்த்தை தானாக வந்தது. "எந்திரிக்க வேணாம் கண்ணு, படுத்துக்கிட்டே கேளு."

உள்ளே யாரோ புரண்டு படுத்தது கேட்டது. பிறகு தூக்கம் கலந்த ஆண் குரல், கொஞ்சமும் பயமில்லாமல்: "எங்க போயிருந்தே இத்தன நாளா? கோட்டு மூணு கெடக்கு."

ஜிப்பக்கா முனையில் விழுந்த கதை பள்ளத்துக்கு ஒழுங்காக வந்து சேரவே இல்லை. யார் வந்து சொல்லியிருக்கப் போகிறார்கள்? அதைச் சொல்லும் ஆளே அவள்தானே. பெட்டிக்காரம்மா கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்தாள்.

"கோட்டு அப்புறம். அந்தப் பெட்டிய மாட்டிடு. உன் தம்பி வீட்டுல மாட்டியாச்சு."

"அவனா? அவன் பல்லு வெளக்கவே நாள் பாப்பானே!"

"அவனே மாட்டிட்டான், நீ இன்னும் யோசிக்கிறே."

முணுமுணுப்பு. காலடி. கைப்பேசி இடுப்பில் அதிர்ந்தது. ஒரு பச்சை.

அடுத்தது அந்தத் தம்பியின் ஜன்னல். டிக், டிக். "உங்க அண்ணன் வீட்டுல மாட்டியாச்சு. வேணும்னா போன் போட்டுக் கேளு." இது உண்மை. இன்னொரு பச்சை. மூன்றாவது வீட்டில் ஒரு மாமியார் முரண்டு பிடித்தாள். "ஒட்டுக்கேக்குமாமே?"

"உன் பேச்சக் கேக்க முதலாளி தனியா ஆள் போட்டாலும் ரெண்டாம் நாளே ஓடிடுவான். மாட்டு."

உள்ளே சிரிப்பு. பச்சை.

தான் பேசுகிற பேச்சா இது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அந்த வீட்டு மாமியாரை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. தம்பி பல் விளக்க நாள் பார்ப்பான் என்றால் யார் அந்தத் தம்பி, எந்த ஜன்னல் அவனுடையது என்பதும் தெரியாது. கால்கள் தாமாகவே சரியான ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றன. வெயில் படாத பக்கமாக மாறி மாறி நடந்தன. தோள் இழுத்துப் பிடித்து வலித்தது, கண்ணுக்குத் தெரியாத கோட்டு மூட்டை ஒன்று அங்கே தொங்குகிற மாதிரி.

போகப் போக அவள் சொல்லவே தேவையிருக்கவில்லை. சில வீடுகளில் அவள் போவதற்கு முன்பே புள்ளி எரிந்தது. அண்ணி கொழுந்தனுக்கும், கொழுந்தன் சித்தப்பாவுக்கும் படுத்தபடியே போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் சில வீடுகள்தான் பாறையாக இருந்தன. அவை நகர்ந்ததும் மற்றதெல்லாம் உருண்டது.

கடைசி ஜன்னலுக்கு வந்தாள்.

அட்டையில் ஒரு சின்னக் கைத்தடம், குழந்தையின் மஞ்சள் சாயம். பெட்டிக்காரம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். இங்கே பொய்க்குரல் வேண்டாம். 'நான்தான்டி, அம்மா வந்திருக்கேன்' என்று சொல்ல வேண்டும். சொன்னால், எழுந்து வந்து அட்டையைப் பிய்த்துப் போட்டுச் சண்டை பிடிப்பாளா? முகத்தில் அடித்த மாதிரிப் பேசாமல் இருந்துவிடுவாளா? இரண்டு வருஷம் சேர்த்து வைத்த சொல்லெல்லாம் நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. கத்தரிக்கோல் பிடித்த கை அசைய மறுத்துத் தொங்கியது.

டிக், டிக்.

அவள் கையைப் பார்த்தாள். கை அசையவில்லை. கத்தரிக்கோல் தொடைப் பக்கமாகத் தொங்கியபடியே இருந்தது. ஜன்னல் கம்பி மட்டும், தட்டுப்பட்ட இரும்பு நடுங்குகிற மாதிரி, மெல்ல அதிர்ந்து ஓய்ந்தது.

உள்ளே மகளின் குரல், தூக்கத்தில் தோய்ந்து: "ம்... கேக்குறேன், சொல்லு."

பெட்டிக்காரம்மா வாயைத் திறக்கவில்லை. தெருவில் வேறு ஆள் இல்லை. காற்றுகூட இல்லை.

"ம்... ம்..." என்று மகள் இடைவிட்டு இடைவிட்டு உம் கொட்டினாள். யாரோ நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கிறவள் மாதிரி. பிறகு: "சரி ஜிப்பக்கா. மாட்டறேன்."

கைப்பேசி அதிர்ந்தது.

அந்த அதிர்வு அடங்குவதற்குள் சங்கு ஊதியது.

*

குழாய் மாற்றியதாக எழுதி வைத்தவர்கள் எழுதிய பேனாவைத்தான் மாற்றியிருந்தார்கள் போலும். கம்ப்ரசர் மூச்சைப் பிடித்து உறுமத் தொடங்கிய சற்று நேரத்தில், கிடங்குச் சுவருக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று பொங்கி வழிந்தது.

கிடங்குச் சுவரில் மாட்டியிருந்த பெட்டி கத்தியது. மேட்டின் முதல் வீடு வாங்கிக் கத்தியது. சத்தம் இந்தச் சாரி, அந்தச் சாரி, சந்து, மறுபடி இந்தச் சாரி என்று ஓடி வந்தது. முனை வீட்டில் ஒரு கணம் தயங்கின மாதிரி இருந்தது. பெட்டிக்காரம்மாவின் உயிரும் அங்கேயே நின்றது. பிறகு பள்ளத்தின் முதல் ஜன்னலுக்குள் கத்தல். அடுத்தது. அடுத்தது. அவள் தலைக்குப் பக்கத்தில், மஞ்சள் கைத்தடம் பதிந்த அட்டைக்குப் பின்னால், காதைக் கிழிக்கும் கத்தல்.

கதவுகள் பிளந்தன. பகலில் ஒருநாளும் திறக்காத கதவுகள். ஈரத்துணியை முகத்தில் பொத்தியபடி ஓடினார்கள். பெட்டிக்காரம்மாவின் மருமகன் தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "விடுடா, எனக்குக் காலிருக்கு!" என்று அவள் வழிநெடுகத் திட்டிக்கொண்டே போனாள். வெள்ளைப் புகை தரையோடு ஊர்ந்து வந்து பள்ளத்தை நிரப்பியபோது, மூழ்கடிக்க அங்கே ஆளில்லை. கோட்டுகள்தான் கைகளை விரித்தபடி அதில் மூழ்கின.

குடியிருப்பைத் தாண்டிய மேட்டு மைதானத்தில் இரண்டு வரிசையும் ஒன்றாக இருமிக்கொண்டு நின்றது. அத்தனை வருஷத்தில் முதல் தடவை. லவுட்ஸ்பீக்கர் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "நான் அன்னைக்கே சொல்லல, நல்ல பெட்டின்னு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இருமலுக்கு நடுவிலும் யாரோ அவரை நல்லதாக நாலு வார்த்தை கேட்டார்கள்.

மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இந்தா, பிடி," என்று குழந்தையை நீட்டினாள். அவ்வளவுதான் சமாதானம்.

பேரனின் சூடு நெஞ்சில் பட்டதும் பெட்டிக்காரம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் வந்தேன்டி. உன் ஜன்னல் வரைக்கும் வந்தேன். பேசத்தான்..."

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நீ வெளிய பாக்கலையே?"

"ஜிப்பக்கா சொல்லுச்சு." மகள் சாதாரணமாகச் சொன்னாள். "'எந்திரிக்க வேணாம், படுத்துக்கிட்டே கேளு. உங்கம்மா வெயில்ல நிக்கிறா. பேச வாய் வரல அவளுக்கு. நீ பெட்டிய மாட்டு, மிச்சத்த அப்புறம் பேசிக்கலாம்'னுச்சு." சுற்றும் முற்றும் பார்த்தாள். "அது எங்கம்மா? உன்கூடத்தானே வந்துச்சு? வெளிய வந்துடுச்சில்ல?"

பெட்டிக்காரம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மகளுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சேதியைச் சொல்கிற வாய் எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை.

*

பிறகு குழாயை நிஜமாகவே மாற்றினார்கள். மேலாளரையும் மாற்றினார்கள். வரிசைகள் இரண்டும் கொஞ்ச நாள் பேசிக்கொண்டன. பிறகு பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டன. பெட்டிகள் மட்டும் முனையைத் தாண்டி ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன.

பெட்டிகளைத் துடைத்துச் சோதிக்க அவள் இன்றும் எல்லா வீட்டுக்கும் போகிறாள். போகிற இடத்தில் கிழிந்த கோட்டைக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதில்லை. ஊசியே பிடித்துப் பழகாதவள், ஒரு தரம் உட்கார்ந்து பார்த்தபோது ஜிப் வைக்கக் கை தானாக வந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

தடத்தை மாற்றிப் பார்த்தாள், வெயில் பக்கமாகவே நடந்தாள். கால் கேட்கவில்லை. கத்தரிக்கோலை அத்தை வீட்டுப் பரணில் கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் காலை அத்தையே கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது ஒன்று மட்டும் செய்கிறாள். ஜன்னலில் ஒரு தடவைதான் தட்டுகிறாள். வேண்டுமென்றே, ஒன்றே ஒன்று. பிறகு கையைக் கீழே இறக்கிவிட்டுக் காத்திருக்கிறாள், இன்றைக்காவது அந்த இன்னொன்று கேட்காமல் போகாதா என்று.

நேற்று மகள் வீட்டு ஜன்னல். அட்டையில் கைத்தடம் ஒன்று கூடியிருந்தது. பேரன் வளர்கிறான்.

டிக்.

கையை இறக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காதுக்குப் பின்னால் அந்த மூச்சு வாங்கல், இப்போதெல்லாம் கொஞ்சம் நிதானமாக.

டிக்.

"யாரு?" என்றாள் மகள் உள்ளிருந்து.

பெட்டிக்காரம்மா தோளை ஒரு முறை குலுக்கி, மூட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"நாங்கதான்," என்றாள். "எந்திரிக்க வேணாம் கண்ணு."